வேப்பங்கொட்டைச் சாறு அடித்தும் பூச்சி சாகவில்லை, ஆனால் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளைக் காணவில்லை. ஏன்?

குளக்கட்டு, கண்டாவளை:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கரில் வெண்டி போட்டிருக்கிறேன், சுற்றிவரப் பூவரசு வேலி. பூவரசங்காய் முற்றத் தொடங்கினால் ஒரு சிவப்புப் பூச்சி வரும், எல்லோருக்கும் தெரியும்தானே, முதுகில் கறுப்புப் புள்ளி, ஆணும் பெண்ணும் பின்பக்கத்தால் ஒட்டிக்கொண்டு ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்குமாக இழுபட்டுத் திரியும். அது வேலியிலிருந்து இறங்கி, நான் விதைக்கு விட்ட காய்களை உறிஞ்சிச் சப்பையாக்கிவிடுகிறது. கடையில் மருந்து விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். போன ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய வேப்பங்கொட்டை ஒரு உரப்பை கிடக்கிறது என்று அம்மாதான் நினைவூட்டினார். கோது நீக்கி இடித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து அடித்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பூச்சிகூடச் சாகவில்லை. அதே சோடி, அதே இழுபறி. மருந்துக் கடைக்காரரிடம் சொன்னேன், "உது சும்மா மணத்துக்குத்தான் தம்பி" என்று சிரித்தார். சரி, காசு மிச்சம், இடித்த கைதான் நோகிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் மூன்று கிழமை கழித்து இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. குஞ்சுப் பூச்சிகள் சில, தோல் பாதி கழன்றபடி செட்டை சுருண்டு நடக்க முடியாமல் கிடந்தன. அதைவிட, அடுத்த ஈட்டுக் குஞ்சுகளைக் காணவே இல்லை. சாறு முடிந்ததால் அடிக்காமல் விட்ட கடைசி நான்கு வரிசையில் மட்டும் மண் சிவக்கக் குஞ்சு.

கம்பஸில் படிக்கிற மச்சான் ஒருவன், "வேம்பு பூச்சியின் மூளை ஓமோனை நிறுத்துகிறது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பூச்சிக்கு மூளை இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம், அதில் ஓமோன் வேறா? மூளைக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாலைப்பழம், அறிவியல்நகர்:

தம்பி, மச்சான் சொன்னது சரி, ஆனால் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

பூச்சிக்கு மூளை உண்டு. உங்கள் சிவப்புப் பூச்சியின் மூளை கடுகளவுகூட வராது, ஆனால் அதற்குள் சில நரம்புக் கலங்கள் இரட்டை வேலை பார்க்கின்றன. மற்ற நரம்புகள் போலச் செய்தியும் கடத்தும், சுரப்பி போல ஓமோனும் சுரக்கும். அப்படிச் சுரந்தது மூளைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு சோடிச் சின்ன உறுப்புகளில் வந்து சேர்ந்து இருக்கும், நெல்லை மூட்டை கட்டி அடுக்கி வைத்த மாதிரி. வேளை வந்ததும் அங்கிருந்து இரத்தத்துக்குள் திறந்து விடப்படும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு உறுப்பு இருக்கிறது, அதுதான் இளமை ஓமோனைச் செய்யும் சுரப்பி. நெஞ்சுப் பகுதியில் வேறொரு சுரப்பி எக்டைசோன் என்ற தோலுரிப்பு ஓமோனைச் செய்யும். இந்த இரண்டு சுரப்பியும் எப்போது வேலை தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது பெரும்பாலும் மூளையின் உத்தரவில்தான் நடக்கிறது.

இளமை ஓமோன் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. குஞ்சாக இருக்கும்போது அது பூச்சியை வளர்ந்த பூச்சி ஆகவிடாமல் குஞ்சாகவே வைத்திருக்கும். கடைசிக் கட்டத்தில் அது வற்றினால்தான் செட்டை முளைக்கும். ஆனால் வளர்ந்த பெண்ணில் அதே ஓமோன் திரும்ப ஊறத் தொடங்கும், இந்தத் தடவை வேலை வேறு. வயிற்றில் இருக்கும் கொழுப்புடலைப் பிடித்து, முட்டைக்குள் போகும் மஞ்சட்கருப் புரதத்தைச் செய்யச் சொல்லும். அந்தப் புரதம் இரத்தம் வழியாகப் போய்ச் சூலகத்தில் சேர்ந்தால்தான் முட்டை கொழுக்கும். ஒரு ஓமோனை வைத்து இரண்டு வேலையை முடித்துக்கொள்கிற சிக்கனம்!

இப்போது வேம்பு. கொட்டையில் இருக்கும் அசாடிரக்டின் என்ற சரக்கு நஞ்சு மாதிரி நரம்பை அடித்து விழுத்துவதில்லை. வெட்டுக்கிளியில் ஜேர்மன் ஆராய்ச்சியாளர்கள் 1980களில் பார்த்தபோது, அது மூளைக்குப் பின்னால் உள்ள அந்தக் களஞ்சிய உறுப்பில் போய்ச் சேர்கிறது, அங்கே நரம்புச் சுரப்பு வெளியே போகாமல் தேங்கிக் கிடக்கிறது என்று கண்டார்கள். களஞ்சியம் நிறைய நெல், கதவு பூட்டு. உத்தரவு போகாததால் எக்டைசோனும் இளமை ஓமோனும் தேவையான நேரத்தில் தேவையான அளவு வராது. குஞ்சு என்றால் தோலுரிக்கத் தொடங்கிப் பாதியில் மாட்டும். பெண் என்றால் முட்டை கொழுக்காது. நீங்கள் கண்ட இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம்.

அதனால் அடித்த மறுநாள் பிணம் எண்ணப் போனது உங்கள் பிழை. கடைக்காரரின் கணக்கும் அதுதான், அவர் விற்கிற மருந்துக்கு அந்தக் கணக்குச் சரி, இதற்குச் சரிவராது. வேம்பில் பூச்சிக்கு ஆகாத ஏதோ இருக்கிறது என்பதை வெளி ஆராய்ச்சிக்காரர் கவனித்ததே ஒரு தற்செயலால்தான். 1959 இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து எல்லாப் பச்சையையும் முடித்தபோது வேப்பமரம் மட்டும் பச்சையாக நின்றதை ஷ்முட்டெரர் என்ற ஜேர்மன்காரர் கண்டார். அசாடிரக்டினைப் பிரித்தெடுத்தது 1968, அதன் அமைப்பு முழுதாகத் தெளிந்தது 1985, ஆய்வுகூடத்தில் செய்து முடித்தது 2007. கேம்பிரிட்ஜில் ஒரு குழு அதற்கு 22 வருடம் உழைத்தது. உங்கள் அம்மா ஒரு உரப்பையில் கட்டி வைத்திருந்தார்.

அடுத்த முறை பின்னேரம் அடியுங்கள். வெயில் பட்டால் சரக்கு சீக்கிரம் சிதைந்துவிடும், நம்முடைய வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. லீற்றருக்கு 50 கிராம் பருப்பு என்பது வழமையான கணக்கு.


சிறுபோகம், வட்டக்கச்சி:

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அடிக்காமல் விட்ட கடைசி நான்கு வரிசை எங்கே இருக்கிறது தம்பி? வேலிக்குக் கிட்டவா? வேலிக்குக் கிட்ட என்றால் வேம்பு அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அங்கேதான் குஞ்சு கூட இருக்கும், பூவரசங்கொட்டை விழுகிற இடம் அதுதானே. அதை வைத்து வேம்புக்குப் பட்டம் கட்ட முடியாது.

மற்றது, வெண்டிக்கு மூன்று கிழமை பொறுக்கலாம். நெல்லில் கபிலத்தத்தி, எங்கள் பக்கம் அறக்கொட்டி என்போம், அது விழுந்தால் பத்து நாளில் வயல் தீ வைத்த மாதிரி வட்டம் வட்டமாகக் கருகும். அங்கே நின்று "ஓமோன் வேலை செய்யும் வரை பொறு" என்று சொல்ல ஏலாது. போன காலபோகத்தில் மூன்று தரம் மருந்தடித்தேன், மூன்றாம் தரத்துக்குப் பிறகு முன்னையைவிடக் கூடிப்போனது. பக்கத்து வயல்காரர் காசில்லாமல் ஒரு தரத்தோடு விட்டவர், அவருக்கு வெட்டு நல்லாக வந்தது. மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். இதற்கும் உங்கள் ஓமோனில் பதில் இருந்தால் சொல்லுங்கள் பார்ப்போம்.


பாலைப்பழம், அறிவியல்நகர்:

அண்ணை, வேலிக் கேள்வி நியாயமானது, அதை நான் கவனிக்கவில்லை. தம்பி வந்து சொல்லட்டும்.

அறக்கொட்டிக்குப் பதில் இருக்கிறது, போலி மருந்து தேவையில்லை. 1980 வாக்கிலேயே பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். டெல்டாமெத்ரின், மெதைல் பரத்தியன் போன்ற பூச்சி மருந்துகளை அடித்த பாத்தியில் தத்தி கூடியது. முதல் காரணம் எல்லோரும் சொல்வது: தத்தியைத் தின்னும் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சும் பச்சை நாவாய்ப் பூச்சியும் செத்துப்போகின்றன. இரண்டாவது காரணம்தான் அதிசயம். கொல்லாத அளவு மருந்து பட்டுத் தப்பிய பெண் தத்தி, வழமையைவிடக் கூட முட்டை போட்டது. பூச்சியின் முட்டை போடும் ஒழுங்கையே மருந்து தட்டி எழுப்பிவிட்டிருக்கிறது. இந்தோனேசியாவில் 1986 இல் நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளை ஒரேயடியாகத் தடை செய்ததற்கு இந்தத் தத்திதான் காரணம்.

உங்கள் வயலில் ஓரிடத்தில் செட்டை நீண்ட தத்தியும் இன்னோரிடத்தில் குட்டைச் செட்டைத் தத்தியும் பார்த்திருப்பீர்கள். அவை இரண்டு இனம் இல்லை, ஒரே இனம்தான். நீண்ட செட்டை பறந்து போகப் பிறந்தது, குட்டைச் செட்டை இருந்த இடத்தில் இருந்து முட்டை போடப் பிறந்தது. எது எதுவாக வளரும் என்பதை மூளையில் சுரக்கும் இன்சுலின் போன்ற ஒரு ஓமோன் முடிவு செய்கிறது என்று 2015 இல் சீன ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அந்த ஓமோன் போய் ஒட்டுவதற்கு இரண்டு வாங்கிகள் இருக்கின்றன, ஒன்று நீண்ட செட்டைப் பக்கம் தள்ளும், மற்றது அதைத் தடுத்துக் குட்டைப் பக்கம் இழுக்கும். அடிமட்டையில் குட்டைச் செட்டைப் பெண் கூடினால் அடுத்த ஈடு அந்த இடத்திலேயே வெடிக்கப்போகிறது என்று கணக்குப் போடலாம். வயலுக்குப் போகும்போது எத்தனை தத்தி என்று மட்டும் எண்ணாமல் எந்தச் செட்டை என்றும் குனிந்து பாருங்கள்.

கருகத் தொடங்கிய வயலுக்கு வேம்பு காணாது. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.


உயிரியல் ரீச்சர், முள்ளியவளை:

நல்ல இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறேன். உயர்தரப் பிள்ளைகளுக்கு ஓமோன் படிப்பிக்கும்போது மனிதனின் கபச்சுரப்பியோடு நின்றுவிடுகிறோம், பூச்சியில் இருக்கிற கதை அதைவிடச் சுவை. பூச்சியின் மூளை ஓமோன் சுரக்கிறது என்பதற்கு முதல் ஆதாரம் 1917 இல் போலந்தின் கோபெச் என்பவர் தந்தது. ஒரு அந்துப்பூச்சியின் புழுவில் மூளையை எடுத்துவிட்டார். குறித்த நாளுக்கு முன் எடுத்தால் அது கூட்டுப்புழுவாக மாறாமல் புழுவாகவே கிடந்தது, அந்த நாள் தாண்டி எடுத்தால் மூளை இல்லாமலே மாறியது. ஒரு மூளை ஓமோன் சுரக்கும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பவில்லை.

அப்புறம் விக்கிள்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர். தென்னமெரிக்காவில் இரத்தம் குடிக்கிற ரோட்னியஸ் என்ற நாவாய்ப் பூச்சியை வைத்திருந்தார், நம்முடைய மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். தலையை வெட்டினாலும் அது மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும் (சாப்பிட முடியாது, அவ்வளவுதான்). தலை இல்லாத பூச்சியின் உடம்பை வேறொன்றின் உடம்போடு மெழுகால் பொருத்தி, இரண்டின் இரத்தமும் கலக்கவிட்டுப் பார்த்தார். மூளைக்குப் பின்னால் உள்ள அந்தச் சுரப்பி இல்லாவிட்டால் பெண்ணில் முட்டை முற்றாது என்று 1936 இல் எழுதினார். பாலைப்பழம் சொன்ன "ஒரு ஓமோன், இரண்டு வேலை" அங்கிருந்து வந்ததுதான்.

நமக்குக் கிட்டிய உதாரணம் நுளம்பு. இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த காலத்தில் மலேரியாவுக்குக் குளோரோகுயின் விழுங்கிய கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. 2016 இல் மலேரியா இல்லாத நாடு என்று இலங்கைக்குச் சான்று கிடைத்தபோது வகுப்பில் சொன்னேன், பிள்ளைகளுக்கு அது ஒரு பொது அறிவு வினா மட்டும். அடுத்த வருடமே மன்னார்த் தீவில் இந்தியாவின் நகரத்து மலேரியா நுளம்பு கிணறுகளில் இருக்கிறது என்று அறிவித்தார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பெண் நுளம்பு ஏன் இரத்தம் குடிக்கிறது? பசிக்கு இல்லை, பசிக்குப் பூந்தேன் போதும். முட்டைக்குத்தான் இரத்தம். டெங்கு நுளம்பில் நடப்பது இப்படி. செட்டை முளைத்த முதல் சில நாளில் இளமை ஓமோன் சூலகத்தை ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும், உழுது வரம்பு கட்டிவிட்டு மழைக்குப் பார்த்திருக்கிற வயல் போல. இரத்தம் வயிற்றுக்குள் போன சில மணி நேரத்தில் மூளையிலிருந்து இரண்டு வகை ஓமோன் புறப்படும், ஒன்று இன்சுலின் போன்றது, மற்றது சூலகத்தைத் தூண்டுவதற்கென்றே உள்ளது. சூலகம் எக்டைசோன் செய்யும், கொழுப்புடல் அதை வாங்கி மஞ்சட்கருப் புரதத்தைக் கொட்டும், மூன்று நாளில் நூறு முட்டை அளவில் ஆயத்தம். இரத்தம் குடித்த உடனேயே தலையை எடுத்துவிட்டால் வயிறு நிறைய இரத்தம் இருந்தும் முட்டை வளராது. சில மணி நேரம் பொறுத்து எடுத்தால் தலை இல்லாமலே வளரும், ஏனென்றால் உத்தரவு போய்விட்டது. 1960களில் ஆர்டன் லீ என்ற அமெரிக்கர் தலையை முழுதாக எடுக்காமல், நுண்ணோக்கியின் கீழ் மூளையில் அந்தச் சுரப்புக் கலங்களை மட்டும் கிள்ளியெடுத்து இதைக் காட்டினார். ஒரு நுளம்பின் மூளையில்! எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே கண்ணாடி வேண்டும்.

இன்னொன்று, ஆணும் இதில் சும்மா இல்லை. சேர்ந்தபோது விந்தோடு போகும் புரதங்கள் பெண்ணின் நடத்தையையே மாற்றும். பெரும்பாலான டெங்கு நுளம்புப் பெண்கள் அதன்பின் வேறு ஆணைக் கிட்ட அண்ட விடாது. பழ ஈயில் இந்த வேலையைச் செய்வது 36 அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னப் புரதத் துண்டு.


மல்லிகைப்பந்தல், மாங்குளம்:

படிக்கப் படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு பயம். முட்டையை நிறுத்துகிற சரக்கை வெண்டியில் அடித்துவிட்டு அந்த வெண்டிக்காயை நாங்கள் சமைத்தால்? எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். புரொய்லர்க் கோழிக்கு ஓமோன் போடுகிறார்கள், அதனால் பிள்ளைகள் வேளைக்குப் பெரிதாகிறார்கள் என்று சந்தையில் எல்லோரும் பேசுகிறார்கள், இப்போது வெண்டியிலும் ஓமோனா?


உயிரியல் ரீச்சர், முள்ளியவளை:

தங்கச்சி, கேட்டது நல்லது. கோழிக் கதையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். வேம்பு அடக்குவது பூச்சியின் ஓமோன்களைத்தான். இளமை ஓமோன் நம் உடம்பில் இல்லவே இல்லை, எக்டைசோனும் நமக்கு ஓமோனாக வேலை செய்வதில்லை. அந்தப் பூட்டு நம்மிடம் இல்லாததால் அந்தத் திறப்பால் திறக்க எதுவும் இல்லை. இளமை ஓமோனைப் போலச் செயற்கையாகச் செய்த பைரிபுரொக்சிஃபென் என்ற சரக்கை, நுளம்புக் குடம்பிக்காகக் குடிதண்ணீர்த் தொட்டியில்கூட லீற்றருக்கு 0.01 மில்லிகிராம் வரை இடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது. பெருவின் இகிட்டோஸ் நகரில் ஒரு சேமக்காலையில் இதை வைத்து ஒரு வேலை செய்தார்கள், 2009 இல் அது ஆய்வேட்டில் வந்தது. நுளம்பு வந்து உட்காரும் இடத்தில் பொடியைத் தடவி வைத்தார்கள், பெண் நுளம்பு காலில் அப்பிக்கொண்டு போய், தான் முட்டையிடும் பூச்சாடித் தண்ணீரிலெல்லாம் தானே கலந்தது. மருந்தடிக்கிறவர் தேடிக் கண்டுபிடிக்காத தண்ணீரையெல்லாம் தாய் நுளம்பு கண்டுபிடித்தது.

காய்களை வழமைபோலக் கழுவிச் சமையுங்கள். ஆனால் வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்குப் பருக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது, அதை மட்டும் செய்யவே வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து, வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.


சிறுபோகம், வட்டக்கச்சி:

அப்படி ஆபத்தில்லாத சரக்கு இருந்தால் ஏன் எங்கள் கடையில் பயிருக்கு அதைக் காணவில்லை? மூளை ஓமோனையே போத்தலில் அடைத்து விற்கலாமே.


பாலைப்பழம், அறிவியல்நகர்:

மூளை ஓமோன் பெரும்பாலும் புரதத் துண்டு அண்ணை. இலையில் அடித்தால் வெயிலில் போகும், தின்றால் பூச்சியின் குடலிலேயே செரித்துப்போகும், தோல் வழியாக உள்ளே இறங்காது. இளமை ஓமோன் சுரப்பை அடக்கும் மூளைத் துண்டுகளை 1989 இல் ஒரு கரப்பானில் பிரித்தெடுத்தபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது, அது மருந்துப் போத்தல் வரை வரவில்லை. இளமை ஓமோன் போன்றவை வந்தன, ஆனால் அவற்றுக்கும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. புழுவுக்குக் கொடுத்தால் அது புழுவாகவே கூட நாள் இருந்து கூடத் தின்னும். நுளம்பில் அது பரவாயில்லை, குடம்பி நம்மைக் கடிப்பதில்லை. இலை தின்னும் புழுவுக்கு அடித்தால் தோட்டக்காரனுக்குத்தான் நட்டம். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இதையே சின்ன அளவில் கொடுத்துப் புழுவைப் பெரிதாக்கிக் கூட நூல் எடுத்திருக்கிறார்கள்.

தம்பியின் சிவப்புப் பூச்சிக்கு இந்தக் கதையில் ஒரு சொந்தம் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது. 1960களில் ஸ்லாமா என்பவர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஹார்வர்டுக்கு இதே குடும்பத்துப் பூச்சியைக் கொண்டுபோய் வளர்த்தார். பிராகில் ஒழுங்காக வளர்ந்தது, அமெரிக்காவில் மட்டும் முழுப் பூச்சி ஆகவே மாட்டேன் என்றது, இன்னொரு தடவை தோலுரித்துப் பெரிய குஞ்சாகிச் செத்தது. தேடித் தேடிப் பார்த்தால் கூண்டில் விரித்த கடதாசிதான் காரணம். அமெரிக்கப் பத்திரிகைக் கடதாசியிலும் அந்தக் குணம் இருந்தது, இலண்டன் பத்திரிகைக் கடதாசியில் இல்லை. அமெரிக்காவில் கடதாசி செய்கிற பல்சம் மரத்தில் இளமை ஓமோன் போன்ற ஒரு சரக்கு இருந்திருக்கிறது. இந்தியாவின் பருத்திச் சிவப்புப் பூச்சியிலும் 1966 இல் சோதித்தார்கள், அதிலும் பலித்தது. வேம்பு மட்டும்தான் இந்த வித்தை தெரிந்த மரம் என்று நினைக்காதீர்கள்.


குளக்கட்டு, கண்டாவளை:

எல்லோருக்கும் நன்றி. சிறுபோகம் அண்ணை பிடித்த இடம் சரி, அந்த நான்கு வரிசையும் வேலிக்கரையில்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். அதோடு, அடித்த பக்கத்தில் அம்மாவின் கோழிகள் மண்ணைக் கிளறித் திரிந்ததும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இந்தப் பூச்சி முட்டையை மண்ணில் போடுமென்றால் அதுவும் கணக்கில் வரும்.

ஆனால் சுருண்ட செட்டைக் குஞ்சுகளுக்கு வேலியும் கோழியும் காரணமாக முடியாது, அவை அடித்த பக்கத்தில் மட்டும்தான் கிடந்தன.

இப்படிச் செய்யப்போகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். இந்தத் தடவை வேலிக்கரை வரிசை, நடு வரிசை என்று மாறி மாறி ஒன்று அடித்து ஒன்று விடுகிறேன், அடிக்காத வரிசைக்கு வெறும் சவர்க்காரத் தண்ணீர். கோழிகளை அடைத்து வைக்க அம்மாவிடம் கெஞ்ச வேண்டும். அதோடு ஆறு ஹோர்லிக்ஸ் போத்தலில் கொஞ்சம் மண்ணும் ஊறவைத்த வெண்டி விதையும் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சோடி விட்டு, மூன்றில் சாறு தெளித்த விதை, மூன்றில் தெளிக்காதது. நேற்றுப் பூவரசடியில் சோடி பிடிக்கப் போனேன், கொடியில் காயப்போட்ட கிளிப்புகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிரிக்காமல் அப்படியே போத்தலில் இறக்குவதற்குள் பின்னேரமே முடிந்துவிட்டது. நான்கு சோடி பிடித்திருக்கிறேன், இன்னும் இரண்டு வேண்டும்.